சேலத்திலிருந்து லே வரை தனியாக பைக்கில்: கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

2024 செப்டம்பரில் சேலத்திலிருந்து லடாக்கின் லே நகரம் வரை தனியாக பைக்கில் போய்வந்தேன். ஓட்டியதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் எல்லாம் ஓட்டாத நேரத்தில்தான் வந்தது. பார்சல் கவுன்டரில் நின்றபோது, போன் செத்துக் கிடந்தபோது, தலைவலியோடு சுருண்டு படுத்திருந்தபோது. அவற்றில் முக்கால்வாசியை வீட்டில் இருக்கும்போதே தீர்த்திருக்கலாம்.

கூட ஒருவர் இருந்தால், "நீ வண்டிகிட்ட நில்லு, நான் போய் விசாரிச்சுட்டு வரேன்" என்பார். தனியாகப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. 400 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த மண்டையோடு நாமே யோசித்து நாமே முடிவெடுக்க வேண்டும். களைத்த மண்டை அநேகமாகத் தப்பாகத்தான் முடிவெடுக்கும். அதனால் எந்தெந்த முடிவை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே எடுக்க முடியுமோ அவற்றை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

என்னுடையது 2019 இல் வாங்கிய 150 சிசி வண்டி, கார்புரேட்டர் உள்ளது. இதற்கென்று புது வண்டி வாங்கத் தேவையில்லை.

1. மாதத்தையும் நாள் கணக்கையும் முதலில் முடிவு செய்யுங்கள் (3 மாதம் முன்பு)

நான் ஸ்ரீநகர் வழியாக லேக்குப் போய், மணாலி வழியாகத் திரும்பினேன். இதில் மணாலி–லே சாலை குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும். கோடையில் திறந்து அக்டோபர் வரை ஓடும். அதற்குள் எந்த மாதம் என்பதுதான் கேள்வி.

ஜூனில் கிளம்பினால் மலை நன்றாக இருக்கும், ஆனால் நாக்பூரையும் ஜான்சியையும் 45 டிகிரி வெயிலில் கடக்க வேண்டும். ஜாக்கெட்டுக்குள் வெந்துபோவீர்கள். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம். இமாச்சலத்திலும் ஜம்மு–ஸ்ரீநகர் சாலையிலும் மண் சரிந்து பாதை மூடுவது அப்போதுதான். செப்டம்பரில் மழை ஓய ஆரம்பிக்கும், பனி உருகி வரும் ஓடைகளிலும் தண்ணீர் குறையும். ராத்திரிக் குளிர் மட்டும் கூடுதல். எனக்கு விடுப்பு கிடைத்ததும் செப்டம்பர், பிடித்ததும் செப்டம்பர்.

நாள் கணக்கு: போகும்போது முழுக்க ஓட்டி, வரும்போது டெல்லியிலிருந்து வண்டியை ரயிலில் ஏற்றினால் 24 நாள் வேண்டும். இரண்டு வழியும் ஓட்டுவதென்றால் ஒரு மாதம். "15 நாளில் போய்வந்தேன்" என்பவர்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். சாலை மூடினால் ஒரு நாள், உடம்பு முடியாவிட்டால் ஒரு நாள், வண்டி மக்கர் செய்தால் ஒரு நாள் என்று எப்படியும் மூன்று நாள் போய்விடும். அந்த மூன்று நாளையும் சேர்த்தே விடுப்பு கேளுங்கள்.

2. காகிதங்கள்

இதை விரிவாகவே சொல்கிறேன், நான் அதிகம் அடிபட்ட இடம் இதுதான்.

இன்சூரன்ஸ். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வண்டிகளுக்கு 5 வருட இன்சூரன்ஸ் என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். அந்த 5 வருடம் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும்தான். நீங்கள் மோதி எதிராளிக்கு ஏற்படும் சேதத்தைத்தான் அது தரும். உங்கள் வண்டிக்கு வரும் சேதம், திருட்டு இரண்டுக்கும் உள்ள பகுதி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். பாலிசியில் இரண்டு தேதிகள் தனித்தனியாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். நான் ஜூன் மாதம் பார்த்தபோது என் வண்டிக்கு அந்தப் பகுதி 2020 இலேயே காலாவதி ஆகியிருந்தது. நாலு வருடம் வெறும் தைரியத்தில் ஓட்டியிருக்கிறேன்! விட்டுப்போன காப்பீட்டை மறுபடி எடுக்கும்போது வண்டியைப் பரிசோதிப்பார்கள், இல்லாவிட்டால் நாலாபுறமும் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளும் வேலை இல்லை இது. எடுக்கும்போதே வழியில் நின்றுபோனால் உதவும் சாலை உதவிச் சேவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். மலையில் அது வந்து சேரும் என்று நம்பிவிடாதீர்கள், சமவெளிக்கு உதவும்.

வண்டி யார் பெயரில் இருக்கிறது? நம் ஊரில் பாதி வண்டிகள் அப்பா பெயரில்தான். என்னுடையதும் அப்படியே. வண்டி இன்சூரன்ஸோடு கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போதுதான் பொருந்தும். மகன் ஓட்டினால் மகனுக்கு இல்லை. நான் என் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்தேன். அப்புறம், உரிமையாளரின் கையெழுத்தோடு ஓர் அதிகாரக் கடிதமும், அவருடைய ஆதார் நகலில் அவரே போட்ட கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. திரும்பும்போது டெல்லியில் பார்சல் கவுன்டரில் "ஓனர் எங்கே?" என்று கேட்டார்கள். சேலத்தில் அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் தெருமுனைக் கடைக்கு நடந்து போய், கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பி, நான் அதை அச்செடுக்கக் கடை தேடி அலைந்து திரும்பி வருவதற்குள் அன்றைய ரயில் போய்விட்டது. ஒரு நாள் அறை வாடகை தண்டம்.

புகைச் சான்று. பயணம் முடியும் தேதி வரை செல்லுபடியாக வேண்டும். ஊரில் யாரும் கேட்பதில்லை என்று இருந்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நூறு ரூபாய்ச் சங்கதிக்கு அந்த வம்பு வேண்டாம்.

டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆப்களில் உள்ள ஆர்.சி.யும் லைசென்ஸும் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. ஆனால் ஆப் திறக்க நெட்வொர்க் வேண்டும், போனில் சார்ஜ் வேண்டும். குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். அதனால் அசல் ஒரு உறையில், நகல் நாலு செட் இன்னொரு உறையில், இரண்டும் வேறு வேறு பைகளில். நகல் எதற்கு நாலு என்றால், லே பக்கத்துச் சோதனைச் சாவடிகளில் நகலைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

லடாக் அனுமதி. எல்லையோரப் பகுதிகளுக்குப் போக முன்பு கேட்ட உள்கோட்டு அனுமதிச் சீட்டு (இன்னர் லைன் பெர்மிட்) இந்தியர்களுக்கு 2021 இல் நீக்கப்பட்டது. ஆனாலும் லேயைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி பக்கம் போகச் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி ரசீது வைத்திருக்க வேண்டும். நான் போனபோது 400 ரூபாயும் அதோடு சில சில்லறைக் கட்டணங்களும். லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலேயே கட்டலாம். மணாலிப் பக்கம் ரோஹ்தாங் கணவாய்க்குத் தனி அனுமதி வேண்டும் என்று ஏஜென்ட்கள் பயமுறுத்துவார்கள். கணவாய்க்கு மேலே ஏறினால்தான் அது. 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை வழியாகப் போனால் தேவையில்லை.

வாடகை வண்டி எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மணாலியிலோ டெல்லியிலோ வாடகைக்கு எடுத்த வண்டியை லேயைச் சுற்றிய இடங்களுக்கு ஓட்டிப்போக உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தினர் விடமாட்டார்கள். அங்கே போய் அங்கத்து வண்டியைத்தான் எடுக்க வேண்டும். சொந்த வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்பா பெயரில் இருந்தால், மறுபடியும் அந்தக் கடிதம்.

3. போன் (ஒரு மாதம் முன்பு)

தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. ரீசார்ஜ் செய்தாலும் பயனில்லை. போஸ்ட்பெய்டு மட்டும்தான். இது தெரிந்தும் "போற வழியில மாத்திக்கலாம்" என்று விட்டுவிடுவோம். பதான்கோட்டைத் தாண்டியதும் போன் வெறும் கேமரா ஆகிவிடும். ஒரு மாதம் முன்பே மாற்றி, ஒரு பில்லாவது வந்து கட்டியிருப்பது நல்லது.

போஸ்ட்பெய்டு இருந்தாலும் லேக்கும் மணாலிக்கும் நடுவே பெரும்பகுதி சிக்னல் கிடையாது. வெளிநாட்டுப் பயணிகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சாட்டிலைட் மெசேஜ் கருவி வாங்கிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். எல்லைப் பகுதியில் அதோடு பிடிபட்டால் பதில் சொல்லி மாளாது.

அதனால் வீட்டாரோடு ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ராத்திரி 8 மணிக்கு ஊர்ப் பெயரோடு ஒரு மெசேஜ். சிக்னல் இல்லாத நாட்கள் எவை என்று தேதி போட்டு எழுதி, வீட்டுக் காலண்டரிலேயே ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதிகளில் 48 மணி நேரம் வரை பதற வேண்டாம் என்று அதில் இருக்கட்டும். நான் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா மறந்துவிட்டார். நான் லே–மணாலிச் சாலையில் உள்ள சார்ச்சுவில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த ராத்திரி, வீட்டில் சித்தப்பா வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரைபடங்களை வழி நெடுக ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். கூகுள் மேப்பில் இருசக்கர வண்டிக்கான தெரிவைப் போடுங்கள். பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் நடுத்தடம், டெல்லி–மும்பை விரைவுச்சாலை போன்றவற்றில் பைக்குக்கு அனுமதி இல்லை. கார் வழியை நம்பினால் வாசலில் திருப்பி அனுப்புவார்கள்.

4. வண்டி (20 நாள் முன்பு, முந்தின நாள் அல்ல)

டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, டிஸ்க் பேட், க்ளட்ச் கேபிள், பேட்டரி. பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். என் மெக்கானிக், "அண்ணே, செயின் இன்னும் ஐயாயிரம் ஓடும், எதுக்குக் காச வீணாக்குறீங்க?" என்றார். நான் ஓட்டப் போவதே ஐயாயிரம் என்றதும் சிரித்துவிட்டு மாற்றினார். கழற்றிய பழைய க்ளட்ச் கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் ஸ்பேர். புது கேபிள் போகும் வழியிலேயே அதையும் சேர்த்துக் கட்டிவைத்தால், அறுந்த இடத்தில் இரண்டு முனைகளை மாட்டினால் போதும்.

மாற்றிய பிறகு 300 கிலோமீட்டராவது ஊரிலேயே ஓட்டுங்கள். புது டயர் பிடிமானத்துக்கு வர அது வேண்டும், புது செயினும் தொய்ந்துவிட்டு நிற்கும். சரியாக முறுக்காத நட்டு ஏதாவது இருந்தால் அதுவும் அதற்குள் சத்தம் போட்டுவிடும். சர்வீஸ் முடித்த மறுநாள் காலை கிளம்புவதுதான் நான் பார்த்தவரை எல்லாரும் செய்யும் தப்பு.

டியூப் டயர் என்றால் பின் சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, மாட்டிப் பாருங்கள். வீட்டு வாசலில் இரண்டு தடவை. முதல் தடவை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, இரண்டாவது தடவை நாற்பது நிமிடம். டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன ஏர் பம்ப்பும் போதும்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு: உயரம் ஏற ஏறக் காற்றில் பிராணவாயு குறைவதால் பெட்ரோல் கலவை அடர்த்தியாகி வண்டி திணறும், கறுப்புப் புகை கக்கும். ஏர் ஸ்க்ரூவை எங்கே, எவ்வளவு திருப்புவது என்று மெக்கானிக்கிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி தானே சரிசெய்துகொள்ளும், இழுவை குறைவது மட்டும் எல்லாருக்கும் பொது.

கையோடு கொண்டுபோனவை: ஸ்பார்க் பிளக், ஃப்யூஸ், செயின் லாக், க்ளட்ச் லீவர், பிரேக் லீவர், பின் டியூப், அரை லிட்டர் எஞ்சின் ஆயில், செயின் ஸ்ப்ரே, எம்சீல், இன்சுலேஷன் டேப், கட்டுக் கம்பி. இவற்றில் பயன்பட்டது லீவரும் டேப்பும் மட்டும்தான்.

5. ஒத்திகை (இரண்டு வாரம் முன்பு)

முழுச் சாமானையும் கட்டிக்கொண்டு இரண்டு நாள் போய்வாருங்கள். நான் கொல்லிமலைக்குப் போனேன். அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு ஏறி இறங்கினால் லே சாலையில் காட்டா லூப்ஸின் 21 வளைவுகள் பயமுறுத்தாது. மறுநாளே தூங்கி எழுந்து 400 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. முதல் நாள் யாரும் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாள் காலை அதே சீட்டில் மறுபடி உட்காரும்போதுதான் இடுப்பும் மணிக்கட்டும் உண்மையைச் சொல்லும். சாமானோடு வண்டியைத் தரையில் சாய்த்துவிட்டுத் தனியாகத் தூக்கியும் பாருங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கம்பியில், காலால் தள்ளித் தூக்க வேண்டும். தூக்க முடியவில்லை என்றால் சாமான் அதிகம் என்று அர்த்தம்.

6. சாமான்

இரண்டு பக்கப் பைகளும் மேலே ஒரு வாட்டர்ப்ரூஃப் பையும் போதும். கனமானவை கீழே, முன்பக்கமாக. ரப்பர்க் கயிறை நம்பாதீர்கள். கர்னூல் அருகே என் கயிறு ஒன்று கழன்று செயினுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்ததை லாரிக்காரர் ஒருவர் கையைக் காட்டிக் கத்தித்தான் தெரிந்துகொண்டேன். சக்கரத்தில் சுற்றியிருந்தால் இதை எழுத நான் இல்லை. பக்கிள் வைத்த நாடா வாங்குங்கள், மீந்த நுனியை முடிச்சுப் போட்டுச் செருகுங்கள்.

துணிமணியில் ஒரு தடித்த கம்பளிக்குப் பதிலாக மெல்லியதாக மூன்று அடுக்கு. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட். மழைக்கோட்டு ஜாக்கெட்டுக்கு மேலே போடுவதாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி: கிளவுஸுக்கு மேலே மாட்டிக்கொண்டால் பனித்தூறலில் விரல் மரத்துப்போகாது. பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

ஜாக்கெட் உள்பையில் ஒரு அட்டை: பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டில் இரண்டு பேர் எண்கள். தமிழில் எழுதி வைத்திருந்தேன். நாக்பூரில் டீ குடிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது, அங்கே யார் படிப்பார்கள்? இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கூடவே "பஞ்சர் துகான் கஹான் ஹை" (பஞ்சர் கடை எங்கே இருக்கிறது) மாதிரி இருபது வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால் இந்தி தெரியாதவர்கள் தைரியமாகப் போகலாம்.

7. வழியும் தினசரி அளவும்

சேலத்துக்காரர்களுக்கு வழி சுலபம். 44ஆம் தேசிய நெடுஞ்சாலை ஊர் வழியாகவே போகிறது, அதே சாலை ஸ்ரீநகர் வரை. நான் தங்கிய ஊர்கள்: அனந்தபூர், ஹைதராபாத், நாக்பூர், சாகர், ஆக்ரா, அம்பாலா (இங்கே ஒரு நாள் ஓய்வு, ஆயில் மாற்றம்), ஜம்மு, ஸ்ரீநகர், கார்கில், லே. சமவெளியில் நாளைக்குச் சராசரி 400 கிலோமீட்டர், மலையில் 200 முதல் 250. இதற்கு மேல் போடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, ஓரத்துத் தடத்தில் போய்க்கொண்டே இருக்கலாம். ஆக்ரா–டெல்லி யமுனா விரைவுச்சாலையில் மட்டும் பைக்குக்கும் வசூலிப்பார்கள். பழைய மதுரா சாலையில் போனால் காசு மிச்சம், நேரம் நஷ்டம்.

ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: மாலை 5 மணிக்கு மேல் புது ஊரைத் தேடுவதில்லை. விளக்கில்லாத டிராக்டர், எதிர்ப்புறம் வரும் பைக், நடுரோட்டில் படுத்த மாடு எல்லாம் இருட்டியதும்தான் தெரிய ஆரம்பிக்கும், அதாவது தெரியாமல் போகும். அறை பிடிக்கும்போது விலைக்கு முன்னால் வண்டியை கேட்டுக்கு உள்ளே நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். மதியம் 3 மணிக்கு டீ குடிக்கும்போதே அடுத்த ஊரில் இரண்டு லாட்ஜுக்குப் போன் போட்டுவிட்டால் சாயங்காலத்து அலைச்சல் இல்லை.

8. உயரம்

போகும்போது ஸ்ரீநகர் வழி, வரும்போது மணாலி வழி. இதை மாற்றாதீர்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், சோனமார்க் 2,700, ஜோஜி லா கணவாய் 3,500, பிறகு கார்கிலில் 2,700க்கு இறங்கித் தூங்குவீர்கள். மறுநாள் ஃபோட்டு லாவில் 4,100 தொட்டுவிட்டு லேயில் 3,500. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். மணாலி வழியில் ஏறினால் 2,000 மீட்டரில் கிளம்பி அடுத்த ராத்திரியோ அதற்கடுத்த ராத்திரியோ 4,200 மீட்டருக்கு மேலே சார்ச்சுக் கூடாரத்தில் படுத்திருப்பீர்கள். தூக்கம் வராமல், வாந்தியோடு, சிக்னல் இல்லாமல், தனியாக.

லே போனதும் இரண்டு முழு நாள் ஒன்றும் செய்யாதீர்கள். நான் முதல் நாள் சாயங்காலமே "நல்லாத்தானே இருக்கேன்" என்று சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறினேன். ராத்திரி மண்டை பிளந்தது. மறுநாள் முழுக்க சூப்பும் படுக்கையும். கணக்கில் ஒரு நாள் போனது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் மேலும் ஏறக்கூடாது. குறையாமல் கூடினால், நடை தள்ளாடினால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் லேயில் உள்ள எஸ்.என்.எம். அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த உயரத் தொல்லைக்கான டயாமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, அளவு கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மதுவும் சிகரெட்டும் அந்த உயரத்தில் வேண்டவே வேண்டாம்.

லேயிலிருந்து நுப்ரா போகும் வழியில் உள்ள கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே படம் எடுக்க வரிசை நிற்கும். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

9. லே–மணாலிப் பகுதி: பெட்ரோல், தண்ணீர், பணம்

லேயிலிருந்து கிளம்பினால் 35 கிலோமீட்டரில் காரு என்ற ஊரில் பங்க். அதற்குப் பிறகு, நான் போனபோது, கேலாங்கையும் கடந்து தாண்டி என்ற ஊரில்தான் அடுத்தது, சுமார் 330 கிலோமீட்டர். கேன் கட்டியே ஆக வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்களே கணக்குப் போடுங்கள். ஊரில் 45 கொடுத்த என் வண்டி அங்கே 35 கொடுத்தது, அதாவது பத்து லிட்டருக்குள். டேங்க் 15 லிட்டர். கேன் தேவைப்படவில்லை. உங்கள் வண்டி 25 தான் கொடுக்கும் என்றால் ஐந்து லிட்டர் இரும்புக் கேன் கட்டுங்கள், பிளாஸ்டிக் கேன் ஆகாது.

ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடும். காலை 9 மணிக்குக் கணுக்கால் அளவு இருப்பது மதியம் 3 மணிக்கு முழங்காலுக்கு வரும். முன்னே ஒரு லாரி கடப்பதைப் பார்த்து அதே தடத்தில், முதல் கியரில், க்ளட்சை விட்டுவிடாமல். தனியாள் என்றால் அடுத்த வண்டி ஏதாவது வரும்வரை கரையில் காத்திருங்கள். அரை மணி நேரத்தில் எப்படியும் யாராவது வருவார்கள்.

யுபிஐ லே நகரத்தோடு சரி. 10,000 ரூபாயாவது ரொக்கமாக, மூன்று இடங்களில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. எவ்வளவு ஆனது

மொத்தம் சுமார் 5,200 கிலோமீட்டர் ஓட்டினேன். பெட்ரோல் 12,500 ரூபாய். தங்கியது 17,000 (சராசரி ஒரு ராத்திரி 900). சாப்பாடு 9,000. வண்டி வேலை 9,500. ஜாக்கெட், ஷூ, கிளவுஸ், பைகள் 11,000. ரயில் பார்சலும் என் டிக்கெட்டும் 7,000. அனுமதி, நிறுத்துமிடம், இதர சில்லறை 1,000. ஆக 67,000.

இது போக 15,000 ரூபாயை வேறு கணக்கில், வேறு கார்டில் போட்டு, இல்லை என்றே நினைத்துக்கொண்டேன். லேயில் ஒரு கார்பெட் கடைக்கு முன்னால் மட்டும் அது இருப்பது ஞாபகம் வந்தது. தொடவில்லை. தனியாகப் போகிறவருக்கு ஆஸ்பத்திரியோ விமான டிக்கெட்டோ தேவைப்பட்டால் கடன் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

11. வண்டியை ரயிலில் ஏற்றுவது

இரண்டு வகை உண்டு. உங்கள் டிக்கெட்டோடு லக்கேஜாகப் போட்டால் நீங்கள் போகும் ரயிலிலேயே வண்டியும் வரும், கட்டணம் கூடுதல். பார்சலாகப் போட்டால் குறைவு, ஆனால் இடம் இருக்கும் ரயிலில் ஏற்றுவார்கள், நாலைந்து நாளும் ஆகலாம். நான் லக்கேஜ் போட்டேன்.

கொண்டுபோக வேண்டியவை: ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், அடையாள அட்டை, பயண டிக்கெட், உரிமையாளர் வேறு ஆள் என்றால் நான் மேலே புலம்பிய அந்தக் கடிதம். ரயில் கிளம்ப நாலு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். டேங்கில் பெட்ரோல் சொட்டும் இருக்கக் கூடாது. முதல் நாளே கணக்காக ஓட்டிக் குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஐந்து லிட்டரை அங்கே உறிஞ்சி எடுத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நிலைய வாசலில் வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்டித் தரும் ஆட்கள் இருப்பார்கள். விலையைக் கட்டுவதற்கு முன் பேசிவிடுங்கள், கட்டிய பிறகு பேச முடியாது. கண்ணாடிகளைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். புறப்படும் ஊர், சேரும் ஊர், ரசீது எண் மூன்றையும் அட்டையில் பெரிதாக எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். கட்டும் முன்னும் பின்னும் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்தால் பேச்சுக்கு ஆதாரம் அதுதான்.

இறங்கும் ஊரில் அன்றைக்கே போய் எடுத்துவிடுங்கள், இலவச நேரம் தாண்டினால் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும். போகும்போது வீட்டிலிருந்து யாரையாவது ஒரு லிட்டர் பெட்ரோலோடு வரச் சொல்லுங்கள். டேங்க் காலி என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. கர்துங் லா ஏறிய வண்டியை சேலம் ஜங்ஷனிலிருந்து பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.